பாங்காக்கில் நாலு நாள்: 16 கிலோமீட்டர் லாங் ரன்னை எங்கே ஓடுவது?

கேள்வி: டிசம்பர் நடுவில் கணவருடன் நாலு நாள் பாங்காக் போகிறேன். ஜனவரியில் அரை மாரத்தான் ஓட இருப்பதால், பயிற்சி அட்டவணைப்படி அந்த வாரம் 16 கி.மீ. லாங் ரன் (வாரத்தின் நீண்ட தூர ஓட்டம்) இருக்கிறது. தெருவில் ஓடலாமா, ஹோட்டல் டிரெட்மில்லிலேயே முடித்துவிடலாமா? நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: தெருவில் ஓட வேண்டாம். பாங்காக்கின் நடைபாதைகளில் கற்கள் பெயர்ந்து ஆடும், கேபிள்கள் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கும். நெரிசலில் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையிலேயே ஏறி வரும். சந்துகளில் தெருநாய்களும் உண்டு. இருட்டில் கணுக்கால் பிசகினால் ஜனவரி ஓட்டமே போய்விடும். டிரெட்மில்லை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான இடம் லும்பினி பூங்கா.

அறை இன்னும் போடவில்லை என்றால் சீலோம், சாலா டேங் பக்கம் பாருங்கள். அதிகாலை 5 மணிக்கு மெட்ரோவும் ஸ்கை டிரெயினும் ஓடத் தொடங்கியிருக்காது. பூங்காவுக்கு நடந்தே போகும் தூரத்தில் தங்குவது அதனால்தான் முக்கியம். சுகும்வித்தில் ஏற்கெனவே அறை போட்டாயிற்று என்றாலும் கவலை வேண்டாம். அசோக் அருகே இருக்கும் பெஞ்சகிட்டி பூங்காவிலிருந்து, கீழே சொல்லும் பாதையைத் திருப்பி ஓடலாம்.

லும்பினியின் ஒரு சுற்று சுமார் 2.5 கி.மீ., சமதளம், விளக்கு வெளிச்சமும் உண்டு. 5:15-க்குத் தொடங்கி முதலில் 3 சுற்று ஓடுங்கள் (7.5 கி.மீ.). அதற்குள் வெளிச்சம் வரத் தொடங்கிவிடும். பிறகு பூங்காவின் வடகிழக்கு மூலையிலிருந்து பெஞ்சகிட்டிக்குப் போகும் 'பச்சைப் பால'த்தில் ஏறுங்கள் (1.3 கி.மீ.). வாகனங்களுக்கு மேலே, வீட்டு மாடிகளை ஒட்டிப் போகும் குறுகலான நடைமேம்பாலம் இது. ஏறி இறங்கும் இடங்களில் ஓடாமல் நடந்துவிடுங்கள். பெஞ்சகிட்டி ஏரியை 2 முறை சுற்றி (ஒரு சுற்று சுமார் 1.8 கி.மீ.), அதே பாலம் வழியாகத் திரும்பி, லும்பினியில் கடைசியாக ஒரு சுற்று. மொத்தம் 16.2 கி.மீ. வரும். பாலம் மூடியிருந்தால் லும்பினியிலேயே ஆறரைச் சுற்று ஓடிவிடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் பயிற்சி கெடாது.

எல்லோரும் எந்தத் திசையில் ஓடுகிறார்களோ அதே திசையில் ஓடுங்கள். ஏரிக்கரையில் பெரிய உடும்புகள் பாதையின் குறுக்கே படுத்திருக்கும். தானாக வந்து தாக்காது, ஆனால் நெருங்கிப் படம் எடுக்கப் போனால் வாலால் அடிக்கும். நாலைந்து அடி தள்ளியே போங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒலிபெருக்கியில் தாய்லாந்தின் தேசிய கீதம் வரும். ஓடுகிறவர்கள் எல்லோரும் அப்படியே அசையாமல் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், வாட்ச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத விஷயம் தூக்கம். பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. அங்கே 4:30-க்கு எழுந்தால் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை 3 மணி. கிளம்புவதற்கு 3 நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து, அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். ராத்திரி விமானத்தில் போனால் இறங்கும் நாளில் ஓடவே வேண்டாம். இரண்டாம் நாள் காலை 5 கி.மீ. ஈஸி ரன் (மெதுவான ஓட்டம்), மூன்றாம் நாள் லாங் ரன். அரச மாளிகை, வாட் போ, வாட் அருண் கோயில்கள் மூன்றையும் நாலாம் நாளுக்குத் தள்ளுங்கள். அவற்றைச் சுற்றினால் வெயிலில் கல்தரையில் பல மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும், லாங் ரன்னுக்கு முந்தைய நாள் கால் அதைத் தாங்காது. தாய் மசாஜும் அப்படித்தான். முந்தைய நாள் அழுத்திப் பிடித்துவிட்டால் மறுநாள் தொடை கனக்கும். ஓடி முடித்த மாலையில், மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, பாத மசாஜ் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

டிசம்பரில் அதிகாலை வெப்பம் 22, 23 டிகிரிதான். ஆனால் காற்றில் ஈரம் அதிகம். கோவைக் காற்றுக்குப் பழகிய உடம்புக்கு அங்கே வியர்வை காயாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆவியாகாதபோது அதே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கிலோமீட்டருக்கு 20 முதல் 40 விநாடி மெதுவாக ஓடுங்கள். இரண்டு வார்த்தை பேச மூச்சு வாங்கினால் இன்னும் குறையுங்கள். இந்த வாரமே வீட்டில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். நடுவில் தண்ணீர் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால், சுமார் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அங்கே அதைவிடக் கூடும். அரை லிட்டர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்து எடுத்துப் போங்கள், பொட்டலங்களை ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன் கடையில் முந்தைய இரவே தண்ணீரும் வாழைப்பழமும் வாங்கிவிடலாம்.

சாப்பாட்டில் கவனம் தேவை. 'வெறும் காய்கறி' என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாஸ் இருக்கும், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறாலும் சேரும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய் மொழியில் எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள். அங்கே மாமிசம், மீன் சாஸ், முட்டை எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். ஓட்டத்துக்கு முந்தைய இரவு புதுச் சுவை எதையும் முயல வேண்டாம். வெள்ளைச் சாதம், டோஃபு, அதிகம் காரமில்லாத காய் போதும். சீலோமில் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்மாதங்களில் காற்று அசையாமல் நிற்பதால் வாகனப் புகையும் வயல் எரிப்புப் புகையும் ஊர் மேலேயே தங்கிவிடும். காற்றின் தரம் காட்டும் ஏர்4தாய் (Air4Thai) செயலியில் பி.எம். 2.5 என்ற நுண்துகள் அளவைப் பாருங்கள். தாய்லாந்தின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 37.5 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். 75-ஐத் தாண்டினால் அன்றைக்குத்தான் டிரெட்மில்.

ஓடும் ஷூவைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டி தாமதமானாலும் ஓட்டம் நிற்காது. உரசிப் புண்ணாகாமல் இருக்க அக்குளிலும் தொடையிலும் வாஸலைன் தடவிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் டெங்கு கொசு கடிக்கும், அதனால் கொசு விரட்டி தடவாமல் வெளியே போக வேண்டாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் எண் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. இரண்டையும் உங்கள் கணவரின் போனிலும் பதிந்து வையுங்கள்.