வாசகர் கேள்வி – பதில்: பாமாலைகளின் பின்னணிக் கதைகள்

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ‘அமேசிங் கிரேஸ்’ பாடலின் கதையைச் சொன்னேன். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த ஜான் நியூட்டன் நடுக்கடலில் புயலில் சிக்கி மனந்திரும்பி, அன்றிரவே அப்பாடலை எழுதி, கரையேறியதும் அடிமை வியாபாரத்தை விட்டுவிட்டார் என்று நான் எங்கோ படித்தபடியே சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவி, “அது அப்படியல்ல, அக்கா” என்றாள். எது சரி? – வாசகி, நாசரேத்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த மாணவி சொன்னதே சரி. ஆனாலும் நீங்கள் சங்கடப்பட வேண்டாம். இந்தக் கதையை இதே வடிவில் பிரசங்கங்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒரு காலத்தில் நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

புயல் உண்மைதான். 1748 மார்ச் மாதத்தில், இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பலில் 22 வயது நியூட்டன் இருந்தார். அவர் அதன் தலைவர் அல்லர். அது அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலும் அன்று. தேன்மெழுகும் மரமுமாகிய சரக்கு தண்ணீரைவிட இலேசாக இருந்ததால்தான் உடைந்த கப்பல் மூழ்காமல் மிதந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த இரவில் அவர் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டதும், அந்த நாளை ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்ததும் மெய். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் துணை அதிகாரியாகவும், 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் தலைவராகவும் இருந்தார். வேதத்தை வாசித்துக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் மனிதரை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற ஆண்டுகள் அவை. கடல் வாழ்க்கையை அவர் விட்டதும் மனச்சாட்சி குத்தியதால் அன்று. திடீரென வந்த நோயினால்.

பாடல் பிறந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. 1764இல் குருவாக அபிஷேகம் பெற்று, ஓல்னி என்ற சிற்றூரில் ஊழியம் செய்துவந்த நியூட்டன், 1773 ஜனவரி 1ஆம் தேதி புத்தாண்டு ஆராதனைப் பிரசங்கத்துக்காக இதை எழுதினார். அன்றைய வசனம் 1 நாளாகமம் 17:16, 17. கர்த்தர் தன்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்குத் தான் எம்மாத்திரம் என்று தாவீது வியக்கும் ஜெபம் அது. 1779இல் வெளிவந்த ‘ஓல்னி கீதங்கள்’ நூலில் இப்பாடல் அந்த வேதப்பகுதியின் கீழேதான் அச்சாகியிருக்கிறது. இன்று உலகம் பாடும் ராகம் 1835இல் அமெரிக்காவில்தான் இந்த வரிகளோடு சேர்ந்தது. பதினாயிரம் ஆண்டுகளைப் பற்றிய கடைசிச் சரணம் நியூட்டனுடையதே அன்று.

அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். அதாவது அத்தொழிலை விட்டு 34 ஆண்டுகளும், இப்பாடலை எழுதி 15 ஆண்டுகளும் சென்றபின். தன் அறிக்கை மிகவும் பிந்தி வருகிறது என்று அந்தச் சிறுநூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரே இரவில் எல்லாம் மாறிய கதையைக் கேட்பவர் வியந்துவிட்டுப் போய்விடுவார். இரட்சிக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டே தன் பெரும்பாவத்தைப் பல ஆண்டுகள் காணாதிருந்தவனின் கதையைக் கேட்பவரோ, தான் எதைக் காணாமல் இருக்கிறேன் என்று தேடத் தொடங்குவார். அடுத்த கூட்டத்தில் அந்த மாணவியையே இதைச் சொல்லும்படி கேளுங்கள். புத்தாண்டு காலை ஜெபத்தில் அந்த நாளாகமப் பகுதியை வாசித்துவிட்டு இப்பாடலைப் பாடினால், அது எழுதப்பட்ட நோக்கத்துக்கே திரும்பிவிடும்.

கேள்வி: நான்கு மகள்களைக் கடலில் பறிகொடுத்த தகப்பன், அதே இடத்தைக் கப்பலில் கடந்தபோது ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ பாடலை எழுதினார் என்பதாவது உண்மைதானா? – வாசகர், தூத்துக்குடி.

பதில்: பேரிழப்பு முழுவதும் உண்மை. சிகாகோ வழக்கறிஞர் ஹொராஷியோ ஸ்பாஃபோர்டின் மனைவி அன்னாவும் நான்கு மகள்களும் சென்ற ‘வில் து ஹாவ்ர்’ கப்பல், 1873 நவம்பர் 22ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் வேறொரு கப்பலோடு மோதி, கால் மணி நேரத்துக்குள் மூழ்கியது. மாண்டவர் 226 பேர். தான் மட்டும் தப்பியதாக அன்னாவிடமிருந்து தந்தி வந்தது. மனைவியை அழைத்துவரப் புறப்பட்ட ஸ்பாஃபோர்ட் அந்த இடத்தைக் கடந்ததும், தன் செல்லங்களை அந்த ஆழத்தில் நினைக்கவில்லை, அவர்கள் பத்திரமாக இருக்கும் ஆட்டுக்குட்டிகள் என்று உறவினருக்குக் கடிதம் எழுதியதும் உண்மை.

பாடல் அந்தக் கப்பலிலேயே எழுதப்பட்டது என்பது, விபத்துக்குப் பிறகு பிறந்த மகள் பெர்த்தா பிற்காலத்தில் எழுதியது. ஆனால் அக்குடும்பத்தின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்த பாடகர் ஐரா சாங்கி, 1876இல் தாம் அங்கே இருந்த நாட்களில்தான் ஸ்பாஃபோர்ட் அதை எழுதினார் என்கிறார். அதே ஆண்டில் பிலிப் பிளிஸ் ராகம் அமைத்து, அதற்கு மூழ்கிய கப்பலின் பெயரையே இட்டார். நான் சாங்கியின் கூற்றையே ஏற்கிறேன். துக்கம் நிகழ்ந்து மூன்று ஆண்டுகள் ஆனபின் ஒருவர் ‘என் ஆத்துமா நலமே’ என்று சொல்வது எனக்கு இன்னும் கனமானதாகப்படுகிறது. துக்க வீட்டில், அடக்கம் முடிந்த வாரத்திலேயே இக்கதையைச் சொல்லி, “அவரால் முடிந்ததே” என்று தேற்ற முற்படுகிறவர்கள் அந்த மூன்று ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: நம் தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் இப்படிக் கதைகள் உண்டா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: உங்கள் ஊரிலேயே உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜி மன்னரோடு படித்தவர். மன்னர் தம் தெய்வத்துக்குக் காப்புப் பாடல் கேட்டபோது, சாஸ்திரியார் மறுத்து ‘இயேசுவையே துதிசெய் நீ மனமே’ என்று பாடினார் என வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சொல்லும்போது ‘வழிவழியாக’ என்ற சொல்லைச் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மா ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ‘இனி நான் யாருக்கும் உபயோகமில்லை’ என்றே சொல்கிறார். மாலைக் குடும்ப ஜெபத்தில் எந்தப் பாடலை, எப்படிச் சொல்லிப் பாடலாம்? – வாசகர், மதுரை.

பதில்: அன்புத் தம்பிக்கு, ‘நான் பாவிதான், ஆனாலும் நீர்’ என்ற பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கில மூலத்தை எழுதிய சார்லட் எலியட், முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து சாகும்வரை நோயாளியாகவே வாழ்ந்தவர். 1834இல், குருமார்களின் மகள்களுக்காக அவருடைய சகோதரர் பிரைட்டன் நகரில் ஏற்படுத்தவிருந்த பள்ளிக்குப் பணம் சேர்க்க ஒரு விற்பனை விழா நடந்தது. வீட்டிலுள்ள அனைவரும் அதற்காக ஓடியாடி உழைத்தபோது, எழுந்து ஒரு வேலையும் செய்ய இயலாத சார்லட், தான் எதற்கும் பயன்படவில்லையே என்று இரவெல்லாம் கலங்கினார். மறுநாள் எல்லாரும் விழாவுக்குப் போனபின், தனியாக இருந்து தனக்கே ஆறுதலாக எழுதியது இப்பாடல். தம் நெடுங்கால ஊழியத்தைவிடத் தம் அக்காவின் இந்த ஒரு பாட்டு அதிகம் செய்திருக்கிறது என்று அந்தச் சகோதரரே பின்னாளில் சொன்னார்.

இதை அம்மாவிடம் நான்கைந்து வாக்கியங்களில் சொன்னால் போதும். “நீங்களும் அப்படித்தான், அம்மா” என்று விளக்கம் சேர்க்க வேண்டாம், அவருக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஒரே சரணம் பாடுங்கள். மெதுவாக, அம்மாவின் மூச்சுக்குத் தக்கபடி பாடுங்கள். ‘என் மீட்பரே, வந்தேன்’ என்ற முடிவு வரியை அவருக்காக விட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். புத்தகம் பார்க்க முடியாத முதியவர்களுக்கும் இளமையில் கற்ற பாமாலை நாவில் நிற்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ பாடலை மாலை ஜெபத்துக்குத் தேர்ந்தெடுக்கப் பலரும் விரும்புவர். பிரிக்ஸம் ஊர்க் குருவான ஹென்றி லைட் 1847இல், காசநோயால் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அதை எழுதினார் என்பதே பெரும்பாலோர் சொல்லும் வரலாறு. நம் சபைகளில் அது அடக்க ஆராதனையிலும் பாடப்படுவதால், நோயாளியின் கட்டிலருகே நாமாகத் தொடங்குவது நல்லதன்று. அம்மாவே கேட்டால் மட்டும், எம்மாவு ஊருக்குப் போன சீஷர்கள் “நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று” என்று கேட்ட லூக்கா 24ஆம் அதிகாரப் பகுதியை முதலில் வாசித்துவிட்டுப் பாடுங்கள்.