மான் வேட்டைக்குச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் வேலூர் பக்கத்துக் காடுகளில் அது ஏன் நிற்கவில்லை?

கேள்வி கேட்டவரின் ஆதங்கம் இதுதான்: மானைச் சுட்டதற்காக ஒரு பெரிய நடிகருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்த நாட்டில், குடியாத்தம், ஒடுகத்தூர் பக்கங்களில் மான் கறியுடன் பிடிபடுகிறவர்கள் அபராதம் கட்டிவிட்டு அன்று மாலையே வீடு திரும்புவது எப்படி? நான் இந்தப் பகுதியில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். வனக்குற்ற வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஆஜராகிறவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்பதை எதிர்த்தரப்பில் நின்று பார்ப்பவனுக்குச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் பொருந்துவது ஒரே சட்டம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சல்மான் கான் மீதான வழக்கு 1998-இல் ராஜஸ்தானில் வெளிமான்கள் கொல்லப்பட்டது தொடர்பானது; ஜோத்பூர் நீதிமன்றம் 2018-இல் அவருக்கு 5 ஆண்டு விதித்தது, அவர் மேல்முறையீடு செய்து ஜாமீன் பெற்றார். இந்தச் சட்டம் விலங்குகளை, அவற்றுக்குத் தரும் பாதுகாப்பின் அளவைப் பொறுத்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. வெளிமான் அன்றும் இன்றும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. நம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் சாதாரணமாகக் காணப்படும் புள்ளிமான் முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின் இரண்டாம் அட்டவணைக்கு வந்திருக்கிறது. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. புள்ளிமானுக்கு அதிகபட்சமே 3 ஆண்டுதான், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இதற்குக் கிடையாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எந்த மானாக இருந்தாலும், வேட்டை நடந்த இடம் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தால், குறைந்தபட்சம் 3 ஆண்டு என்ற பிரிவுக்குள் வந்துவிடும். நம் பக்கத்துக் காடுகள் பெரும்பாலும் காப்புக்காடுகளே, சரணாலயங்கள் அல்ல. ஆனால் மோர்தானா, சைனகுண்டா பக்கம் ஆந்திர எல்லையைத் தாண்டினால் அங்கே இருப்பது கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் பணத்தோடு முடியக்கூடிய அதே மான், நூறு அடி அந்தப் பக்கம் விழுந்தால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. எல்லையோரத்து வேட்டைக்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் இதை வழக்கறிஞர்களைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

பணத்தோடு முடிவது என்று நான் சொன்னது 54-ஆம் பிரிவின்படி வசூலிக்கப்படும் இணக்கக் கட்டணம். செய்திகளில் இதைத்தான் அபராதம் என்று எழுதுகிறார்கள். அபராதம் நீதிமன்றம் விதிப்பது. இணக்கக் கட்டணம் என்பது அதிகாரம் பெற்ற வன அதிகாரி ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வழக்கை அத்துடன் முடித்துக்கொள்வது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு இந்த வழி கிடையாது, புள்ளிமானுக்கு உண்டு. முன்பு இதன் உச்சவரம்பு 25,000 ரூபாய். 2022 திருத்தம் அதை 5 லட்சமாக உயர்த்தியது. இந்த ஏற்பாட்டையே ஒழித்துவிட வேண்டும் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. முதல் முறையாக ஒரு முயலுடன் பிடிபட்ட கூலித் தொழிலாளியை ஐந்தாறு வருடம் வாய்தாவுக்கு அலையவிடுவதால் காட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் கறியை விற்பதற்காகவே துப்பாக்கியும் நெற்றி லைட்டுமாக ஏறுகிறவனுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அவன் அந்தத் தொகையைத் தொழில் செலவாக எழுதிக்கொள்கிறான். சில சமயம் அதையும் கறி வாங்குகிறவர்களே பங்கு போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

என் பார்வையில் குறை இருப்பது இந்த இடத்தில்தான். சட்டம் தேடுவது சுட்டவனை மட்டுமல்ல, அமலாக்கம் மட்டும் அவனோடு நின்றுவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு, “அண்ணே, மேல ஒண்ணு விழுந்திருக்கு, எத்தினி கிலோ எடுத்து வெக்கட்டும்?” என்று வரும் அழைப்பை இந்தப் பக்கத்தில் வளர்ந்த பலரும் ஒருமுறையாவது காதால் கேட்டிருப்போம். அந்த அழைப்பு போவது வசதியானவர்களின் தோட்டத்து வீடுகளுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும், வருத்தத்துடன் சொல்கிறேன், சட்டம் படித்தவர்களுக்கும்கூட. 39-ஆம் பிரிவின்படி வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. அனுமதியின்றி அதைப் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றம். 49-ஆம் பிரிவு வாங்குவதையே தடுக்கிறது. 57-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கறி ஒருவர் வசம் இருந்தது நிரூபிக்கப்பட்டால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. இவ்வளவு கூர்மையான பிரிவுகள் கையில் இருந்தும், பிடிபட்டவனின் கைபேசியில் அன்று காலை யார் யாருக்கு அழைப்பு போனது என்று விசாரித்து, வாங்கியவரையும் குற்றவாளியாகச் சேர்த்த வழக்குக் கட்டுகள் என் மேசைக்கு வருவது அரிது.

நீதிமன்றம் வரை வரும் வழக்குகளும் பெரும்பாலும் முதல் நாளிலேயே பலவீனப்பட்டுவிடுகின்றன. மகஜரில், அதாவது கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், ‘மான் கறி என நம்பப்படும் இறைச்சி’ என்று எழுதிவிட்டு, மாதிரி எடுத்து முத்திரையிட்டு அனுப்பாமல் மீதியைப் புதைத்துவிட்டால், அது ஆட்டுக்கறி என்று நான் வாதிடும்போது மறுக்க எதுவும் இருக்காது. கால்நடை மருத்துவரின் சான்றும், ஹைதராபாத் அல்லது டேராடூன் ஆய்வகத்தின் மரபணு அறிக்கையும் இருந்தால் அந்த வாதம் நிற்காது. அதேபோல, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில், உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் சாட்சியம் பின்னர் விசாரணையில் ஏற்கப்படும் என்று 50-ஆம் பிரிவு ஓர் அரிய வசதியைத் தந்திருக்கிறது. ஆனால் பதிவு செய்தவர் அதற்குக் கீழ்நிலையில் உள்ள வனவராகவோ வனக்காப்பாளராகவோ இருந்தால் அதன் பலன் கிடைப்பதில்லை. பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் கீழ் காவல் துறை தனி வழக்குப் போடும். கறி வனத்துறையிடம் இருக்கும். இரண்டும் வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு சாட்சிகளுடன் நடக்கும். ஆள் பற்றாக்குறையால் ஒரே வனக்காப்பாளர் இரவில் ரோந்தும் பகலில் தீத்தடுப்புக் கோடும் பார்க்கும் நிலையில், இந்தப் பிழைகளுக்கு அவர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமில்லை.

துப்பாக்கியைவிடச் சத்தமில்லாமல் கொல்வது சுருக்குக் கம்பி. பைக்கின் பழைய கிளட்ச் கம்பியை வளையமாக்கி, மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையின் வேலியில் விலங்குகள் நுழைந்து நுழைந்து தேய்ந்திருக்கும் இடைவெளியில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிட்டு, மறுமுனையை வேலிக்கல்லில் கட்டிவிடுவார்கள். காட்டுப்பன்றிக்கு என்றுதான் சொல்வார்கள், பல இடங்களில் அது உண்மையும்கூட. கொல்லையை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பன்றியின் மீது விவசாயிக்கு உள்ள கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஓடைகள் வற்றித் தண்ணீருக்காக இறங்கும் புள்ளிமானுக்கும் அதே இடைவெளிதான் வழி. பன்றிக்கு வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கண்ணி வைப்பதும் அதற்கான முயற்சியும்கூடச் சட்டத்தின் வரையறையில் வேட்டைதான். பன்றியைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்த முறையும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினரே சுடுவதற்குத்தான். விவசாயி கையில் அது எந்த அனுமதியையும் தரவில்லை. மலைக்கிராம நண்பர்கள் சிலர் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். அந்தச் சட்டம் பாரம்பரிய உரிமைகளை அங்கீகரிக்கும் இடத்திலேயே வேட்டையை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

கடைசியாக, பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம். மான் உங்கள் கிணற்றில் விழுந்து செத்திருந்தாலும், நாய்கள் துரத்திக் கடித்துப் போட்டிருந்தாலும், நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தாலும், அது உங்களுடையதாகிவிடாது. உங்கள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ அருகில் உள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்கவும் வேண்டும். செத்த மான்தானே என்று பங்கு போட்டவர்கள், சுட்டவனுக்கு உள்ள அதே தண்டனைப் பிரிவில் வந்து நிற்பார்கள். வேட்டை குறித்துத் தகவல் கொடுப்பவருக்கு, வசூலாகும் அபராதத்திலோ இணக்கக் கட்டணத்திலோ பாதி வரை வெகுமதியாக வழங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தகவல் கொடுக்கும்போது கறி எந்த வீட்டுக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.