டாபிக்க மாத்தணுமா, டிபார்ட்மென்ட்ட மாத்தணுமா?

கேள்வி: அக்கா, நான் எம்.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம். சொந்த ஊர் தென்காசி பக்கம். அங்க வீட்ல இருந்தே பீடி சுத்துற பெண்களோட வேலை நேரம் பத்தி பிஎச்டி பண்ணணும்னு ஆசை. ஆனா டிபார்ட்மென்ட்ல ஒரு சார், "இதெல்லாம் விமன்ஸ் ஸ்டடீஸ் ஆளுங்க பாத்துக்குவாங்க, நீ பேங்கிங்ல ஏதாவது எடு"ங்கிறாரு. வீட்ல வேற, இதப் படிச்சா வேலை கிடைக்குமான்னு கேக்குறாங்க. என்ன செய்ய?

பதில்: ரெண்டையும் மாத்தாத தங்கச்சி. நீ எடுத்துருக்கிறது எகனாமிக்ஸ் கேள்விதான், அதுல சந்தேகமே வேண்டாம். 2023ல எகனாமிக்ஸுக்கான நோபல் பரிசு கிளாடியா கோல்டினுக்குக் கிடைச்சது எதுக்குன்னு நினைக்கிற? பெண்களோட வேலை, சம்பளம் பத்தின ஆராய்ச்சிக்குத்தான். அமெரிக்காவோட பழைய சென்சஸ்ல வயல்லயும் குடும்பத் தொழில்லயும் உழைச்ச பெண்களுக்குக்கூட தொழில்ங்கிற இடத்துல 'மனைவி'ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தாங்க, அந்த அம்மா 200 வருஷத்து ஆவணங்களத் தோண்டி எடுத்து அந்தக் கணக்கையே திருத்துனாங்க.

நம்ம நாட்டுலயும் இது கணக்குல இருந்துதான் ஆரம்பிச்சது. 1971ல அரசாங்கம் பெண்கள் நிலை பத்தி ஒரு கமிட்டி போட்டுச்சு, 1974ல 'சமத்துவத்தை நோக்கி'ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. 1901ல 1000 ஆணுக்கு 972 பெண் இருந்தது 1971ல 930 ஆயிடுச்சுங்கிறது அதுல எல்லாருக்கும் உறைச்சது. அந்த நம்பர் சென்சஸ்லயே இருந்ததுதாம்மா, ஆனா ஏன் குறையுதுன்னு உக்காந்து கேக்க யுனிவர்சிட்டியில ரொம்பப் பேர் இல்ல. அதே 1974ல மும்பை எஸ்என்டிடி பல்கலைக்கழகத்துல பெண்ணியல் ஆய்வு மையம், அதான் உங்க சார் சொல்ற விமன்ஸ் ஸ்டடீஸ், வந்துச்சு, பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு பல்கலைக்கழகங்களுக்கு நிதி குடுக்குற யுஜிசியும் இந்த மாதிரி மையங்களுக்கு காசு குடுக்க ஆரம்பிச்சது. அந்த மையங்கள் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா பெண்கள் சம்பந்தப்பட்ட கேள்வி எது வந்தாலும் அங்க தள்ளி விட்டுட்டு மத்த டிபார்ட்மென்ட் கைகழுவுறத என்னால ஏத்துக்கவே முடியல.

இப்ப உன் டாபிக்குக்கு வா. ஜனங்க ஒரு நாள்ல எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்கன்னு அரசாங்கம் எடுத்த 2019 நேரப் பயன்பாட்டு சர்வேயில, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்னு வந்துருக்கு. அந்த டேட்டாவ எடுத்து வச்சுட்டு உங்க ஊர்த் திண்ணையில போய் உக்காரு. ஒரு அக்கா மடியில தட்ட வச்சுட்டு பீடி சுத்திட்டே பிள்ளைக்கு சோறும் ஊட்டுறாங்கன்னா அந்த அரைமணி நேரத்த எந்த வேலையில எழுதுவ? இலை வெட்டுறது, கட்டு எண்ணுறதுன்னு கூட உக்காந்து கைகுடுக்குற மகளோட உழைப்பு எங்க போகுது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி இருக்கே, அத மணிக்கணக்குக்கு மாத்துனா எவ்வளவு வரும்? ப்ரபோசல்ல முதல் பக்கத்துலயே இத எழுது. 'பீடித் தொழிலாளர் பிரச்சினைகள்'னு மொட்டையா தலைப்பு வச்சா அந்த சார் மறுபடியும் அதையேதான் சொல்வாரு, உழைப்ப அளக்குற முறையில என்ன விட்டுப்போகுதுன்னு கேட்டா அவரால லேசுல தள்ள முடியாது.

வேலை விஷயம் ஒளிவுமறைவில்லாம சொல்றேன், பெண்ணியல் துறையில நிரந்தர போஸ்ட் கம்மி, நிறைய பேர் தொகுப்பூதியத்துலயே வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. அதனாலதான் டிபார்ட்மென்ட்ட மாத்தாதங்கிறேன். எகனாமிக்ஸ்ல நெட் (காலேஜ்ல பாடம் நடத்துறதுக்கான தகுதித் தேர்வு) எழுதி முடி, புள்ளிவிவரத்த வச்சு பொருளாதாரத்த அளக்குற எக்கனோமெட்ரிக்ஸ நல்லா கத்துக்க, உன் பிஎச்டிய மேற்பார்வை பாக்குற டாக்டரல் கமிட்டி போடும்போது பெண்ணியல் துறையில இருந்து ஒருத்தர கேட்டு வாங்கு. வீடு வீடா போய் பேட்டி எடுக்குற முறையெல்லாம் அவங்ககிட்டதான் நல்லா கத்துக்க முடியும். அந்த சார் ஒத்துக்கலன்னா சண்டை போடாத, லேபர் எகனாமிக்ஸ் பண்ற வேற கைடு பக்கத்து யுனிவர்சிட்டியில இருக்காங்களான்னு இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள விசாரிச்சு வை.