கிளியின் நகம் வெட்ட எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி) கையில் வந்து உட்கார்ந்தால் நகம் ஊசி போல் குத்துகிறது. கடையில் ‘நகப் பராமரிப்புப் பெட்டி’ ஒன்று பார்த்தேன். கத்தரி போன்ற நகவெட்டி, துளைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் கருவி, ஓர் அரம், உட்காரும் குச்சியில் மாட்டுவதற்கு நான்கு உப்புத்தாள் உறைகள். வாங்கலாமா?

பதில்: பெட்டியாக வாங்காதீர்கள். அதில் உங்களுக்குப் பயன்படுபவை இரண்டுதான்.

முதலில் நகம் நீண்டிருக்கிறதா, வெறுமனே கூராக இருக்கிறதா என்று பாருங்கள். கிளியை மேசைமேல் நிற்க விடுங்கள். நகம் மேசையில் ஊன்றி விரலை மேலே தூக்கினாலோ, பக்கவாட்டில் திருப்பினாலோ, துணியில் அடிக்கடி சிக்கினாலோ அது நீண்ட நகம். பாதம் ஒழுங்காகப் படிந்திருந்தும் கை குத்துகிறது என்றால் அது கூர் மட்டும்தான். அதற்கு அரம் போதும், வெட்டவே வேண்டாம்.

உப்புத்தாள் உறைகளைப் பணம் கொடுத்து வாங்கும் வம்பு என்று சொல்வேன். நகத்தைத் தேய்க்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். மெல்லிய குச்சியைப் பிடித்திருக்கும் காலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நகநுனி குச்சியைத் தாண்டி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். உப்புத்தாளில் படுவது உள்ளங்கால். நாள் முழுக்க அதில் நின்றால் தோல் உரியும், புண்ணாகும், சீழ் வைக்கும். சொரசொரப்பு தேவையென்றால் சிமென்ட் போன்ற பொருளில் செய்த சற்றுப் பருமனான குச்சி ஒன்றை, ஒன்றே ஒன்றை, கிளி வந்து போகும் இடத்தில் வையுங்கள். தூங்கும் இடத்தில் வேண்டாம். மற்றவை வெவ்வேறு பருமனுள்ள, பட்டையோடு கூடிய மரக்கிளைகளாக இருக்கட்டும்.

துளைக்கருவியும் வேண்டாம். காக்கட்டீலின் பொடி நகத்தை அதில் நுழைத்தால், எங்கே வெட்டுகிறோம் என்பதை அந்தத் தகடே மறைத்துவிடும். பூனைக்கான சிறிய கத்தரி நகவெட்டியோ, குழந்தைகளுக்கான நகவெட்டியோ போதும். கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியது நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும்.

அந்தப் பெட்டியில் இல்லாத ஒன்றுதான் நகவெட்டிக்கும் முன்னால் வாங்க வேண்டியது: ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பொடி. கிளியின் உடலில் ரத்தம் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் எடையுள்ள பட்ஜி என்ற சின்னஞ்சிறு கிளிக்கு அது ஒரு தேக்கரண்டி அளவுகூட வராது. நமக்குச் சொட்டு, அதற்குச் சொத்து. நான் முதல் முறை வெட்டியபோது வெள்ளைத் துண்டில் சிவப்புப் புள்ளி விழுந்தது. பொடி டப்பா அடுத்த அறையில் இருந்தது. அன்றிலிருந்து டப்பாவைத் திறந்து மூடியில் கொஞ்சம் கொட்டி வைத்த பிறகுதான் கிளியையே தொடுவேன். ரத்தம் வந்தால் நகநுனியைப் பொடியில் அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். பொடி நகத்துக்கு மட்டும். தோல் காயத்தில் போடக் கூடாது. அவசரத்துக்குச் சோள மாவு கைகொடுக்கும். சில நிமிடங்களில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: சுற்றிப் பிடிக்க எடுக்கும் துண்டைக் கண்டாலே கிளி அலறுகிறது. நகமும் கறுப்பு, உள்ளே எதுவும் தெரியவில்லை. எப்படித்தான் வெட்டுவது?

பதில்: வெளிர் நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் ஊகம்தான், அதனால் ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கொக்கியாக வளைந்த நுனியை மட்டும் எடுத்தால் போதும். நீளமாக வளர விட்ட நகத்தில் ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை நுனியை எடுத்துவந்தால் குழாய் மெல்லப் பின்வாங்கும்.

கிளிக்கு எட்டு விரல்கள். எட்டு நகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? நாளுக்கு ஒன்று போதும். முதல் சில நாட்கள் வெட்டவே வேண்டாம். அரத்தைக் காட்டுங்கள், பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுங்கள். மறுநாள் அரத்தால் நகத்தைத் தொட்டுவிட்டுக் கொடுங்கள். கிளி கூண்டுக் கம்பியைப் பற்றித் தொங்கும்போது நகநுனிகள் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒருவர் விதையைக் காட்ட, வெளியே நீங்கள் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிடலாம். பிடிக்கவே தேவையில்லை.

பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்டுங்கள். துண்டைச் சும்மா விரித்து அதன்மேல் விளையாட விட்டுப் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பிடி தாடையின் இரு பக்கமும் இருக்கட்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. ‘லேசாகத்தானே பிடித்தேன்’ என்று அழுதவர்களை நான் அறிவேன். வாயைத் திறந்து இரைத்தாலோ, மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் ஆடினாலோ எத்தனை நகம் மீதி என்று பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு வந்தோம். ரத்தம் வரவில்லை. ஆனால் கிளி குச்சியிலிருந்து வழுக்கி விழுகிறது. புகார் சொன்னால் ‘நாளடைவில் சரியாகிவிடும்’ என்கிறார்கள்.

பதில்: நகம் வளரும், உண்மைதான். அதற்காக வேலை சரியாகிவிடாது. கூர் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பிடிமானத்துக்கும் ஏறுவதற்கும் கிளிக்குக் கொஞ்சம் கூர் வேண்டும். இறகும் வெட்டப்பட்ட கிளியென்றால் விழும்போது நெஞ்செலும்பில் அடிபடும். குச்சிகளைத் தாழ்வாக இறக்கி, வழவழப்பானவற்றை எடுத்துவிட்டு, அடியில் மடித்த துணியைப் பரப்புங்கள். என்ன நடந்தது என்று எழுதி, கால்களின் படத்தோடு அவர்களிடம் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அடுத்த இடத்தில் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்: எப்படிப் பிடிப்பீர்கள், பொடி வைத்திருக்கிறீர்களா, நான் பக்கத்தில் நிற்கலாமா? மூன்றாவதற்கு ‘கூடாது’ என்று பதில் வந்தால் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: வெட்டிச் சில வாரங்களுக்குள் மறுபடி நீண்டுவிடுகிறது. அலகும் நீள்கிறது. மின்சாரத்தில் சுழலும் தேய்ப்பான் வாங்கினால் வேலை சுலபமா?

பதில்: பெரிய கிளிகளுக்கு அது நல்ல கருவிதான், ஒரே இடத்தில் அழுத்திச் சூடாக்காமல் இருந்தால். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது கருவி இல்லை. அலகும் நகமும் சேர்ந்து வேகமாக நீண்டால் கல்லீரல் கோளாறு இருக்கலாம். வெறும் சூரியகாந்தி விதையே தின்று கொழுத்த கிளிகளிடம் இது சகஜம். பட்ஜியாக இருந்து, அலகோரத்திலும் காலிலும் பொருக்குத் தட்டியிருந்தால் தோலைத் துளைக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் தொல்லையாகவும் இருக்கலாம். அந்தப் பணத்தைப் பறவைகளைப் பார்க்கும் மருத்துவருக்குக் கொடுங்கள். போகும்போது ஒரு வாரமாக என்ன தின்றது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.