படுத்துவிடுவார்களாம்!

கேள்வி: உலகில் வாழச் சிறந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. மூன்று ஆண்டுகள் ஆஸ்திரியாவின் வியன்னா முதலிடம், 2025இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன். நம் சென்னை மட்டும் அடியிலேயே கிடக்கிறதே, ஏன்? என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து காலம் தள்ள ஒரு நகரத்துக்கு என்னென்ன வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நங்கநல்லூர்

பதில்: இதைக் கேட்கவா பெயரை மறைத்தீர்கள்? அடுக்குமாடிச் சங்கத் தேர்தலில் நிற்கிறீர்களோ? போகட்டும்.

அந்தப் பட்டியலைப் போடுவது ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகைக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு. 173 நகரங்களுக்கு மதிப்பெண். யாருக்காகத் தெரியுமா? பெரிய நிறுவனங்கள் தங்கள் அதிகாரியை வேறு நாட்டுக்கு மாற்றும்போது, அங்கே அவர் படப்போகும் சிரமத்துக்கு எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று கணக்குப் போடுவதற்காக. 80 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கிய ஊர் என்றால் படி கிடையாது. 50ஐத் தாண்டாத ஊர் என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் வரை தரலாம் என்பது அவர்கள் யோசனை. நமக்குப் பஞ்சப்படி தெரியும், பயணப்படி தெரியும். ஊர்ப்படி என்று ஒன்று இருப்பது யாரும் சொல்லாமலேயே போய்விட்டது. இரண்டு ஆண்டு தங்கிவிட்டுப் போகிற அதிகாரிக்கே படி உண்டென்றால், பிறந்த நாள் முதல் இங்கேயே இருக்கும் உங்களுக்கும் எனக்கும் வரவேண்டிய நிலுவை எவ்வளவு? வட்டியோடு கணக்குப் பார்த்து ஓய்வூதியர் சங்கத்தின் மூலம் ஒரு மனு போடுங்கள். நானும் கையெழுத்திடுகிறேன், பெயரோடு.

பட்டியல் கிடக்கட்டும். ‘உட்கார்ந்து’ என்று எழுதினீர்களே, அதற்காக உங்கள் கேள்வியைப் பிரசுரித்தேன். சென்னையில் காசு கொடுக்காமல் எங்கே உட்காருவீர்கள்?

பஸ் நிறுத்தத்து நிழற்குடையைப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு சிமெண்ட் மேடையாவது இருந்தது. இப்போது இரண்டு மூன்று எஃகுக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பக்கமாகச் சற்றே சரித்து, இருக்கை என்கிறார்கள். உட்கார்ந்தால் வழுக்கும். காலை ஊன்றிக்கொண்டால் வழுக்காது. காலை ஊன்றிக்கொண்டே இருப்பதற்குப் பேசாமல் நின்றுவிடலாம். மே மாதப் பகலில் அதில் உட்காருகிறவர், பஸ் வராமலேயே எழுந்து ஓடுவார். இதை வடிவமைத்தவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் அல்லர் என்று முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியபோது ஒரு பொறியாளர் தொலைபேசியில் அழைத்துக் கோபித்துக்கொண்டார். “பெஞ்சு போட்டால் படுத்துவிடுவார்கள் சார்” என்றார்.

படுக்கட்டுமே! இரவெல்லாம் மூட்டை தூக்கியவன், காவல் காத்தவன் பகலில் படுத்தால் நகரத்துக்கு என்ன நஷ்டம்? எவனோ ஒருவன் படுத்துவிடக்கூடாது என்பதற்காக முழங்கால் தேய்ந்த பாட்டிகள் எல்லோரும் நிற்க வேண்டுமா? பூங்காவில் பெஞ்சு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதன் முதுகில் உபயதாரர் பெயரும் பதவியும் அவர் மறைந்த தந்தையின் பட்டமும் இருக்கின்றன. நமக்குத்தான் இடம் இருக்காது. ஹோட்டலில் உட்காரலாமே என்பீர்கள். காபியை ஆற்றத் தொடங்கும்போதே பில் வந்துவிடும். “வேறென்ன சார்?” என்ற கேள்விக்கு ‘எழுந்திரு’ என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. வியன்னாவில் ஒரு காபி வாங்கிக்கொண்டு அரை நாள் பத்திரிகை படிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் காபிக் கடைப் பழக்கத்தை 2011இல் நாட்டின் மரபுச் சொத்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் வியன்னாவின் பெருமை காபியில் இல்லை, வாடகையில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்று, சாம்ராஜ்யம் போய், பசியில் கிடந்த ஊர் அது. நகர நிதியைப் பார்த்துக்கொண்ட ஹ்யூகோ பிரைட்னர் 1923இல் வீட்டு வரி ஒன்று போட்டார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்குத் தீட்டிவிட்டார். கார் வைத்திருந்தால் வரி, வேலையாட்கள் அதிகம் வைத்திருந்தால் வரி. பணக்காரர்கள் அவரைச் சபித்தார்கள். அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒற்றைக் கட்டடம். 1,382 வீடுகள், சலவைக்கூடம், குளியல்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம். எங்கே கட்டினார்கள்? ஊருக்கு வெளியே பொட்டலில் அல்ல. வசதியானவர்கள் வாழும் பகுதியில், ரயில் நிலையத்துக்கு எதிரே. 1934 உள்நாட்டுப் போரில் ராணுவம் அதன்மீது பீரங்கியால் சுட்டது. கட்டடம் நின்றது. இன்றும் அது மாநகராட்சியின் வாடகை வீடுகள்தான்.

நாம் என்ன செய்தோம்? கூவம் கரையில் குடியிருந்தவர்களை ஊர்க்கோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தோம். வெள்ளம் வரும் கரையிலேயே விட்டுவைக்கச் சொல்கிறீரா என்று கேட்பார்கள். இல்லை; கரையை விட்டு நகர்த்துங்கள், ஊரைவிட்டு நகர்த்தாதீர்கள் என்கிறேன். நகரத்துக்குள் நிலம் இல்லையாம். வணிக வளாகத்துக்கு இருக்கிறது, கார் நிறுத்தத்துக்கு இருக்கிறது, அங்கே பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு மட்டும் இல்லை. அவள் விடியுமுன் கிளம்புகிறாள். 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். காசு மிச்சமானது. நேரம் மிச்சமாகவில்லை. திரும்பும்போது அதே எஃகுக் குழாயில் அவள் கண்ணை மூடினால் பொறியாளருக்குக் கோபம் வருகிறது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் வீட்டில் வேலை செய்பவர் எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை பஸ் மாறி வருகிறார் என்று நாளைக் காலையில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், பெயர் போட்டு.

வியன்னாவைப் பற்றி இன்னொன்று. 1873 முதல் அங்கே ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் குழாயில் வருகிறது. இதை எழுதும்போதே கோயம்புத்தூர் வாசகர்கள் பேனாவைத் திறப்பது காதில் விழுகிறது. சிறுவாணி உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பீர்கள், தெரியும் ஐயா. முதலாவது எது என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆளுக்கொரு ஊர் சொல்கிறீர்கள். அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொன்னதற்கு வந்த வசவுக் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இந்தத் தடவை திட்டி எழுதுகிறவர்கள் கடிதத்தோடு ஒரு கேன் தண்ணீரும் அனுப்பிவையுங்கள். அலுவலகத்துக்கு இன்று லாரி வரவில்லை.