கல்லூரி நூலகத்துக்கு எண்மக் களஞ்சியம்: டிஸ்பேஸ் நிறுவும் முன்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகள், பழைய ஆண்டு மலர்கள், கருத்தரங்கத் தொகுப்புகள் எனச் சுமார் 3,000 பிடிஎஃப் கோப்புகள் ஒரு வன்தட்டில் கிடக்கின்றன. பணியில் இருப்பது நானும் ஓர் உதவியாளரும்தான். திறமூல மென்பொருள்களில் எதை நிறுவலாம்? டிஸ்பேஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: டிஸ்பேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் இணைந்து 2002இல் வெளியிட்ட இம்மென்பொருளில்தான் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும் இயங்குகிறது. சிக்கல் வரும்போது கேட்க ஆள் கிடைக்கும் என்பதே, என் பார்வையில், அதன் பிற சிறப்புகளைவிடப் பெரிய காரணம். இணையமே இல்லாமல் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதானால் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரீன்ஸ்டோன் போதும். 2021இல் வந்த ஏழாம் பதிப்பில் டிஸ்பேஸின் முகப்பும் பின்தளமும் தனித்தனி நிரல்களாகப் பிரிந்துவிட்டதால், அதற்கு முந்தைய காணொளிகளைப் பார்த்து நிறுவ முயல வேண்டாம். நிறுவும் வேலையை லினக்ஸ் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் மீத்தரவை, அதாவது தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற ஆவண விவரங்களைக் கவனியுங்கள்.

அதில் முதல் இடறல் ஆசிரியர் பெயர். டிஸ்பேஸின் பதிவேற்றப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டியும் சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டியும் இருக்கக்கூடும். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம்மவர் பெயரை உள்ளிடும்போது, ஒருவர் ‘பா’ என்ற தலைப்பெழுத்தை முதல் பெட்டியில் இடுவார், அடுத்தவர் இரண்டாவதில் இடுவார். விளைவாக ‘பா, செல்வி’, ‘செல்வி, பா.’ என்று ஒரே பேராசிரியர் இருவராகிவிடுவார். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டதும் விடாததும்கூட ஆசிரியர் பட்டியலில் வெவ்வேறு பெயர்களே. ஆகவே இரண்டு பெட்டிகள் இருந்தால் படிவத்தின் அமைப்புக் கோப்பில் அந்தப் புலத்தை ஒற்றைப் பெட்டியாக மாற்றச் சொல்லி, ‘பா. செல்வி’ என்பது போன்ற ஒரே வடிவத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிழைகளைப் பின்னர் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி மொத்தமாகத் திருத்தலாம் என்றாலும், எக்செலில் அதை யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கம் அல்லாத வடிவில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். லிப்ரே ஆபீஸ் பாதுகாப்பானது.

அடுத்தது தேடல். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான்; டிஸ்பேஸ் தானாக எழுத்துணரி (ஓசிஆர்) வேலையை, அதாவது படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் வேலையைச் செய்யாது. டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் ஓட்டி, உரை அடுக்குடன் பதிவேற்றினால்தான் உள்ளடக்கத்தில் தேட முடியும். பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடுகள் திரையில் அழகாகத் தெரியும், ஆனால் தேடல் அட்டவணைக்குள் போவதோ ஆங்கில எழுத்துக் குப்பை. அவற்றையும் படமாக்கி எழுத்துணரிக்கே கொடுப்பது நல்லது.

நிரந்தர முகவரியிலும் கவனம் தேவை. ஹேண்டில் என்பது ஆவணங்களுக்கு மாறாத முகவரி தரும் சேவை; அதில் உங்கள் நிறுவனத்துக்கான எண்ணாகிய முன்னொட்டை வாங்காமல் விட்டால் 123456789 என்ற மாதிரி எண்ணே ஒவ்வோர் ஆவணத்தின் முகவரியிலும் நிற்கும். பல நிறுவனங்களின் களஞ்சியங்களில் இன்றும் இந்த எண்ணைப் பார்க்கலாம். சர்வர் முகவரி மாறும் நாளில் மேற்கோள் காட்டப்பட்ட அத்தனை இணைப்புகளும் அறுந்துபோகும் என்பதால், சிறிய ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தித் தொடக்கத்திலேயே சொந்த முன்னொட்டைப் பெற்றுவிடுங்கள்.

காப்புநகல் எடுக்கும்போது கோப்புகள் இருக்கும் அசெட்ஸ்டோர் அடைவை மட்டும் நகலெடுப்பது பரவலான தவறு. அங்கே ஒவ்வொரு கோப்பும் நீண்ட எண் வரிசையாக, பின்னொட்டுகூட இல்லாமல் கிடக்கும். எந்த எண் எந்த ஆய்வேடு என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். இரண்டையும் ஒரே இரவில் சேர்த்து நகலெடுக்க வேண்டும். தேடல் அட்டவணையை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் பதிவிறக்கப் புள்ளிவிவரம் போனால் போனதுதான். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழுவுக்கு அந்த எண்ணிக்கையைக் காட்டும் எண்ணம் இருந்தால் அதையும் தனியே ஏற்றுமதி செய்து வையுங்கள். உங்கள் வன்தட்டில் இப்போதுள்ள மூலக் கோப்புகளையும் அழித்துவிடாதீர்கள்.