பொதியில் உள்ள குறிப்புகளைப் பார்த்தா மக்கள் வாங்குகிறார்கள்?

'சீனி சேர்க்கப்படாதது', 'கொழுப்பு குறைந்தது', சிவப்பு வட்டம், பச்சை வட்டம் ஆகியவற்றைப் பார்த்து யாராவது கையில் எடுத்த பொருளை மாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில், காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் பொதுவான ஒரு பலசரக்குக் கடையில் நிற்பவன் நான். மாற்றுகிறார்கள். ஆனால் உண்டா, இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் தரும் குறிகளுக்குத்தான் அந்த மதிப்பு.

ஹலால் முத்திரையைப் பாருங்கள். காத்தான்குடிக்காரர்கள் ஜெலி மிட்டாயில் முதலில் அதைத் தேடுவார்கள், விலையெல்லாம் பிறகு. கந்தசஷ்டிக் காலத்தில் ஆரையம்பதியிலிருந்து வருபவர்கள் யோகட் கிண்ணத்தைத் திருப்பி, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு ஊராரும் ஒரே கிண்ணத்தைப் புரட்டிப் புரட்டிப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பொடி எழுத்தென்று ஒருவரும் அலுத்துக்கொள்வதில்லை.

நிற வட்டத்தின் கதை வேறு. இலங்கையில் 2016 ஓகஸ்டில் குளிர்பானங்களுக்கு அது கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது எல்லாம் மஞ்சள். 2019இல் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் இதே முறை வந்தது. சிவப்பைக் கண்டு போத்தலைத் திரும்ப வைத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் பிள்ளைகளோடு வரும் தாய்மார். ஆனால் மஞ்சளைக் கண்டு யாரும் தயங்கியதை நான் பார்த்ததில்லை. 3 கிராமுக்கும் மஞ்சள், 10 கிராமுக்கும் மஞ்சள் என்றால் ஏன் தயங்க வேண்டும்? 10 கிராம் கணக்கில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 40 கிராம் சீனி இருக்கும். ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உற்பத்தியாளருக்கோ 11க்குச் சற்றுக் கீழே இறங்கினாலே சிவப்பு தொலைந்துவிடும்.

போதாததற்கு, இந்தியாவிலிருந்து வரும் இனிப்புப் பெட்டிகளில் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அது சைவம் என்பதற்கான குறி. அதைக் காட்டி, "சீனி குறைந்ததுதானே தம்பி?" என்று சலரோகக்காரர் ஒருவர் கேட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

எனக்கு உண்மையில் எரிச்சல் தருபவை பொதியின் முன்பக்க வாசகங்கள். 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று மரக்கறி எண்ணெயில் அச்சடிக்கிறார்கள். கொலஸ்ட்ரோல் விலங்கு உணவில் இருப்பது. எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் அந்த வாசகத்தைப் போடலாம். 'சீனி அற்ற' பிஸ்கட் இன்னும் மோசம். சலரோகக் கிளினிக் முடிந்து வருபவர்கள், வீட்டில் எல்லோருக்கும் ஆகும் என்று இரண்டு பக்கற்றாக எடுப்பார்கள். கோதுமை மாவும் உடம்புக்குள் போனால் குளுக்கோஸ்தான் என்பதைப் பொதி சொல்வதில்லை. நான் சொன்னால், வியாபாரம் செய்யத் தெரியாதவன் என்கிறார் முதலாளி.

சிலி நாட்டில் 2016இல் நிற வட்டம் எதுவும் இல்லாமல், 'சீனி அதிகம்' என்று எழுதிய கறுப்பு எண்கோண முத்திரையைக் கொண்டுவந்தார்கள். பானங்களில் அதற்கான எல்லையைப் படிப்படியாக இறக்கி, இப்போது 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமில் வைத்திருக்கிறார்கள். முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. அதே சட்டம் பாடசாலைகளில் அவற்றை விற்பதையும் சிறுவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுத்தது. ஆகவே முழுப் பெருமையையும் முத்திரைக்குக் கொடுக்க மாட்டேன். இங்கும் 2017 நவம்பரில் பானங்களின் சீனிக்குக் கிராம் கணக்கில் வரி வந்ததால், மாற்றங்களில் எது வட்டத்தால், எது வரியால் என்று பிரிப்பது கடினம். இருந்தாலும் எங்கள் குளிர்பெட்டியில் அந்த 5 கிராம் கணக்கைப் போட்டால், மஞ்சள் வட்டத்தோடு நிற்கும் போத்தல்களில் பல கறுப்பு முத்திரைக்குப் போய்விடும்.